பச்சை ஊர், மஞ்சள் ஊர்

அமாவாசை முதல் பௌர்ணமி வரை மூத்தவன் வீட்டில் எனக்குச் சோறு. பௌர்ணமி முதல் அமாவாசை வரை இளையவன் வீட்டில். என் வீட்டுக்காரி செத்த பிறகு சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து எனக்குப் போட்ட ஏற்பாடு இது. மாதக் கணக்கு வைத்தால் எந்த மாதத்துக்கு நாள் கூட, எந்த மாதத்துக்குக் குறைச்சல் என்று பேச்சு வரும், நிலாவை வைத்துக்கொண்டால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்று என் மைத்துனர் சொன்னார். எனக்கும் அது சரியாகப் பட்டது. நான் பரவை மார்க்கெட்டில் தராசு பிடித்தவன். எடைக்கல்லைக்கூடப் புரட்டி அடியில் சுரண்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் தட்டில் வைப்பேன்.

நான் என் பங்குக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். முறை வருகிறவன் நேரில் வந்து என்னைக் கூட்டிப்போக வேண்டும். இங்கிருக்கிறவன் பையைக் கொடுத்து பஸ் ஏற்றிவிடக் கூடாது. ஏற்றிவிட்டால் அது தள்ளிவிடுவது. வந்து கூட்டிப்போனால்தான் நான் அந்த வீட்டுக்கு வேண்டிய ஆள். எனக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான், அதையும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

மூத்தவன் மருது ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். கே.கே. நகரில் மாடி போர்ஷன், வாடகை. இளையவன் கண்ணுச்சாமிக்குச் செல்லூரில் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் கம்ப்யூட்டரில் கோத்து அச்சுக்குக் கொடுப்பான். கடைக்குப் பின்பக்கமே வீடு.

இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. எங்களில் அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், ஆத்தாளுக்கு இளையவன். இவர்கள் ஆத்தா சாகும்போது கண்ணுச்சாமி மிஷின் வாங்க கோயம்புத்தூர் போயிருந்தான். தகவல் போய் அவன் பஸ் ஏறி வருவதற்குள் பொழுது சாயப் போகிறது என்று ஆளாளுக்குப் பறந்தார்கள். மருது மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளி வைத்துவிட்டான். கண்ணுச்சாமி சுடுகாட்டுக்கு வந்தபோது எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவன் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து எதுவுமே கேட்கவில்லை.

முதல் அமாவாசைக்கு மருது என்னைக் கூட்டிப்போக வந்தான். தம்பி வீட்டுச் சந்துக்குள் நுழையவில்லை. சந்து முனை டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தி ஹாரன் அடித்தான். நான் கிளம்பும்போது கண்ணுச்சாமி தட்டையாக ஒன்றை என் பைக்குள் செருகினான்.

"கே.கே. நகர்ல குடுத்துருங்கப்பா."

"என்னடா இது?"

"பிளாப்பி."

"அதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. பழசு."

ஒன்றும் இல்லாததை எவன் கொடுத்தனுப்புவான்? நானும் வீட்டுக்காரியும் குடியிருந்த பரவை வீடு அப்போது இன்னும் என் பேரில் இருந்தது. வில்லங்கமாக ஏதோ நடக்கிறது என்றே நினைத்தேன். சட்டைப்பைக்கு மாற்றி, கே.கே. நகர் போய்ச் சேரும் வரை கையை அதன்மேல் வைத்திருந்தேன். மருது அதைக் கண்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

மூத்த மருமகள் பாண்டிச்செல்வியிடம் தனியாகக் கேட்டேன்.

"விளையாட்டு மாமா" என்றாள். "ஊரு உண்டாக்கி, படை சேத்து, நாடு பிடிக்கிற விளையாட்டு. அத்தை இருந்தப்ப ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஒரே ஸ்டூல்ல மாத்தி மாத்தி உக்காந்து ஆடுவாகள்ல? அதேதான். இப்ப அங்கிட்டு இருந்து அவரு ஆடி அனுப்பிருக்காரு. இவரு ஆடி நீங்க திரும்பிப் போகையில குடுத்துவிடுவாரு."

"தலை நரைக்கிற வயசுல இதென்ன ஆத்தா விளையாட்டு?"

"நீங்களே கேளுங்க. நான் கேட்டா, எம் பேர்ல வரி போட்டுருவேங்கிறாரு."

அவள் சொன்னதையும் நான் நம்பவில்லை. அடுத்த நாள் மருது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிக்குள் கட்டம் கட்டமாகத் தரை, மலை, ஆறு. ஓரமெல்லாம் கறுப்பு. ஆள் நடந்து போகப் போக அந்தக் கறுப்பு விலகி நிலம் தெரிந்தது. மருதுவின் ஊர்களெல்லாம் மஞ்சள். கண்ணுச்சாமியின் ஊர்கள் பச்சை. நடுவில் மலை, அதில் ஒரு கணவாய். வேறு நான்கைந்து நாடுகள் இருந்தனவாம், இருவரும் சேர்ந்து என்றைக்கோ அழித்துவிட்டார்களாம். பச்சையில் பெரிய ஊருக்குப் பேர் பரவை. கண்ணுச்சாமி வைத்த பேர்.

"இந்த வண்டிய இங்க நகத்தணும். இந்த ஊருல மதில் கட்டச் சொல்லணும். எல்லாம் முடிஞ்சு இதத் தட்டிட்டா என் தடவை முடிஞ்சிரும்" என்றான் மருது. "அப்புறம் செல்லூரான் ஆடுற வரைக்கும் ஒரு ஈ நகராது."

"அவன் ஆடலைன்னா?"

"அப்படியே நிக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"எம்புட்டு நாளைக்கும்."

அது எனக்குப் பிடித்திருந்தது, சொல்லிவிடுகிறேன். மார்க்கெட்டில் தக்காளி லாரி வந்து நின்றால் யாருக்கும் மூச்சு விட நேரம் கிடையாது. யோசித்துக்கொண்டு நின்றால் சரக்கு அழுகும். நான் பார்த்த உலகம் ஒருத்தனுக்காகவும் நின்றதில்லை. இந்தப் பெட்டிக்குள் ஒரு உலகமே, ஒருத்தன் யோசித்து முடிக்கட்டும் என்று நிற்கிறது. மருது ஒரு தடவைக்குரிய ஆட்டத்தைப் பல நாள் ஆடினான். குளிக்கும்போது யோசிப்பான். சோற்றில் கை வைத்துக்கொண்டு, "அந்த ஆத்தோரத்துல எதுக்கு ஊரு வச்சான்?" என்பான். ஆபீஸில் அவனை எவனும் ஒன்றும் கேட்பதில்லை. இங்கே ஆற்றை எங்கே கடப்பது என்று அவன் முடிவு பண்ண வேண்டியிருந்தது. ஆடி முடித்து பிளாப்பியில் ஏற்றிய பிறகு முகம் வாடிவிடும்.

"டேய், அவன் அங்க வச்சு ஏதும் திருகுதாளம் பண்ணுனா உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பண்ணலாம்ப்பா. ஒரு மாதிரி ஆடிப் பாத்து, சரியா வரலைன்னா அழிச்சிட்டு வேற மாதிரி ஆடி அனுப்பலாம். கண்டுபிடிக்கவே முடியாது."

"அப்புறம்?"

"அவன் பண்ண மாட்டான்."

ஆத்தாள் சாவுக்குப் பிறகு தம்பி முகத்தை ஏறெடுத்துப் பார்க்காதவன் சொல்கிற பேச்சு இது.

இப்படியே வருடங்கள் போயின. பௌர்ணமி அன்று சாயங்காலம் கண்ணுச்சாமியின் டி.வி.எஸ். கே.கே. நகர் மாடிக்குக் கீழே வந்து ஹாரன் அடிக்கும். அமாவாசைக்கு மருதுவின் ஸ்கூட்டர் செல்லூர் சந்து முனைக்கு வந்துவிடும். மழை, காய்ச்சல், தேர்தல், எதற்கும் தவறவில்லை. ஊரில் மற்ற கிழவர்களைப் பார்க்கிறேனே, ஒரு வீட்டுக்காரன் கூட்டிப்போக மறந்துவிடுவான், இன்னொரு வீட்டுக்காரன் இன்னும் போகவில்லையா என்று கேட்பான். எனக்கு அப்படி ஒரு நாளும் இல்லை. ஏன் என்பதும் எனக்குத் தெரியும். வண்டியில் ஏறியதும் இருவரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "பிளாப்பி இருக்கா?"

அப்பா சாப்பிட்டீர்களா என்பது கோரிப்பாளையம் தாண்டித்தான் வரும்.

இருவரும் என்னைத் துருவுவார்கள். "கே.கே. நகரு ரொம்ப யோசிச்சாரா?" என்பான் சின்னவன். அண்ணன் என்று வாயில் வராது. "செல்லூரான் சிரிச்சானா, கடுப்பா இருந்தானா?" என்பான் பெரியவன். நான் ஒற்றன் வேலை பார்ப்பதில்லை. "நானா ஆடுறேன், போடா" என்பேன்.

ஒரு தடவை செல்லூரில் செல்லக்கிளிக்கு, அவள் கண்ணுச்சாமியின் பெண்டாட்டி, வயிற்றில் இருந்தது தங்கவில்லை. ஆறு மாதம். பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். கண்ணுச்சாமி கடையைப் பூட்டிவிட்டு அங்கேயே இருந்தான். அமாவாசை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மிஷினைப் போட்டு, எதையும் பார்க்காமல் ஒரே தட்டு தட்டி பிளாப்பியை என் கையில் கொடுத்தான். கண் வீங்கியிருந்தது.

"அங்க ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றான்.

நான் சொல்லவில்லை. மருது அன்றைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, அங்க என்ன நடக்குது?"

"ஏன்?"

"பரவையில களஞ்சியம் காலி. சனம் பட்டினி கிடக்கு. ஒரு ஆள வயல் பக்கமாத் தள்ளி வச்சிருந்தா சரியாப் போயிருக்கும். சின்னப்பிள்ளகூடப் பாத்துரும். அவன் பாக்கலை. ஏன் பாக்கலை?"

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். மருது தலையைக் குனிந்துகொண்டான். பாண்டிச்செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "கிளம்புங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. மிஷினில் ஏதோ செய்தான். ஒரு வண்டி. மூட்டை ஏற்றிய வண்டி. மஞ்சள் ஊரிலிருந்து கிளம்பி கணவாயைத் தாண்டி பச்சைக்குள் போனது.

"என்னடா அது?"

"நெல்லு அனுப்பிருக்கேன்."

ஸ்கூட்டரை உதைத்தால் கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. இவன் படத்தில் இருக்கிற ஊருக்கு நெல் அனுப்புகிறான். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தான். போகவில்லை. பாண்டிச்செல்வி மட்டும் அடுத்த நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பௌர்ணமிக்கு நான் செல்லூர் போனதும் கண்ணுச்சாமி பிளாப்பியைப் போட்டுப் பார்த்தான். அந்த வண்டி பரவை வாசலில் நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கிறுக்குப் பய" என்றான். ஆட்டத்தை விட்டுத் தன் அண்ணனைப் பற்றி அவன் பேசி நான் கேட்டது அந்த ஒன்றுதான்.

அப்புறம் இன்டர்நெட் வந்தது.

செல்லூரில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் போட்டார்கள். கண்ணுச்சாமி கடைக்கே கனெக்ஷன் வாங்கினான். பத்திரிகை மாதிரியை மதுரைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் அனுப்பிக் காட்டலாம் என்றான். மருது வீட்டிலும் போன் கம்பியைக் கம்ப்யூட்டரில் செருகிக்கொண்டான். ஒரு அமாவாசை அன்று காலையில் செல்லூரில் பையைக் கட்டி வைத்துவிட்டு, கண்ணுச்சாமியிடம் "பிளாப்பிய எடுத்து வையிடா" என்றேன்.

"வேணாம்ப்பா. மெயில்ல அனுப்பிட்டேன். இனிமே உங்களுக்கு அந்தச் சுமை இல்ல."

சுமை என்றான் கண்ணுச்சாமி. ஒரு வெற்றிலை அளவு கனம்கூட இல்லாத சாமான்.

அன்று சாயங்காலம் சந்து முனை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்கூட்டர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கடை போனிலிருந்து செல்லக்கிளியை விட்டு நம்பர் போடச் சொன்னேன்.

"ஆபீஸ்ல ஆடிட் நடக்குதுப்பா. தலைக்கு மேல வேலை" என்றான் மருது. "முடியவும் வாரேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கண்ணுச்சாமி மிஷினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "இப்பத்தான் அனுப்பிருக்காரு. அரை மணி நேரத்துக்கு முந்தி."

"ஆபீஸ்ல வேலைங்கிறான்?"

"இருக்கும். இதுவும் இருக்கும்."

ஒரு வாரம் கழித்து மருது வந்தான். வழியில் பிளாப்பியைப் பற்றியும் கேட்கவில்லை, சாப்பிட்டதைப் பற்றியும் கேட்கவில்லை. பௌர்ணமிக்கு வர வேண்டிய சின்னவன் பௌர்ணமி கழிந்து நிலா பாதியாகத் தேய்ந்த பிறகு வந்தான். வளர்பிறை எங்கே, தேய்பிறை எங்கே என்பதே எனக்குக் குழம்பிப் போனது. கே.கே. நகரில் இருக்கும்போது பாண்டிச்செல்வி நல்ல பிள்ளைதான், ஒன்றும் சொல்ல மாட்டாள். காலண்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். அது போதும்.

ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. முன்பு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆடியது, இப்போது தினமும். பிறகு தினமும் இரண்டு மூன்று தடவை. யோசிப்பதெல்லாம் போயிற்று. கடைக்கு ஆள் வந்து நின்றால், "இருங்கண்ணே, இந்த ஒரு தடவை" என்பான் கண்ணுச்சாமி. அந்த ஒன்று முடியும், இன்னொன்று வந்து நிற்கும். ஒரு வீட்டுக் கண்ணீர் அஞ்சலியைக் கருமாதி முடிந்த பிறகு அடித்துக் கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். அப்போதும் மிஷினை அணைக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனால் கண்ணுச்சாமி கையைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தான். பரவை மஞ்சளாக இருந்தது.

"என்னடா ஆச்சு?"

"பீரங்கியோட கணவாய்க்குள்ள வந்துட்டாரு. பரவையப் பிடிச்சுட்டாரு."

"நீ காவல் போடலையா?"

"அஞ்சு வருசமா அந்தக் கணவாயில ரெண்டு பேருமே காவல் போட்டதில்லப்பா."

"ஏன்?"

"எதுக்குப் போடணும்?"

எனக்குக் கோபம் வந்தது. போன் போடச் சொல்லி மருதுவைக் கேட்டேன். "ஏண்டா அவன் ஊரப் பிடிச்ச?"

"தெரியலப்பா. முன்னெல்லாம் ரெண்டு வாரம் இருந்துச்சு. அடிக்கலாமான்னு தோணும், வேணாம்னு தோணிரும். இப்ப தோணுன உடனே கை தட்டிருது."

கண்ணுச்சாமி அதற்குப் பிறகு அனுப்பவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். எம்புட்டு நாளைக்கும் நிற்கும் என்று மருது சொன்னானே, நிற்கட்டும் என்று இருந்தேன். நின்று கொண்டிருந்தால் ஒரு நாள் யாராவது ஆடத்தானே வேண்டும். ஆடினால் பேச்சு வரும். பேச்சு வந்தால் ஸ்கூட்டர் வரும்.

அமாவாசை வந்தது. டீக்கடையில் உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூப்பிடாத வீட்டுக்குப் போனேன், மகன் வீடுதான் என்றாலும்.

பாண்டிச்செல்வி கதவைத் திறந்து, "சொல்லிருந்தா அவரு வந்துருப்பாருல்ல மாமா" என்றாள்.

மருது மிஷின் முன்னால் இருந்தான். அதே மலை, அதே ஆறு. பச்சை நகர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு உயிர் வந்தது. "அனுப்பிட்டானா? எப்ப அனுப்புனான்?"

"யாரு?"

"தம்பிதான்டா. பச்சை நகருதே."

"அவன் எங்க அனுப்புனான். அவன் இடத்துல மிஷின வச்சுட்டேன்ப்பா. அப்படி ஒரு வசதி இருக்கு. ஆளு வரலைன்னா மிஷினே அவனுக்காக ஆடும்."

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். பச்சைக்கு மிஷின் படை சேர்த்தது, ஊர் கட்டியது. ஒரு நொடியில் ஆடி முடித்தது. மருது ஆடினான். மறுபடி ஒரு நொடி.

"அவன மாதிரியே ஆடுதா?"

"அவன விட நல்லா ஆடுதுப்பா" என்றான். இன்னொரு தடவை ஆடிவிட்டு, "இதுக்கு நெல்லு அனுப்புனா வாங்கிக்கிட மாட்டேங்குது. சந்தேகப்படுது" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"டேய், அவனுக்கு ஒரு போன் போடு. ஊரத் திருப்பித் தந்துர்றேன்னு சொல்லு. படத்துல இருக்கிற ஊருதானே."

"போடுறேன்ப்பா. இந்த ஒரு தடவை முடிச்சுக்கிர்றேன்."

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முடித்தான். பச்சை ஆடியது. அவன் கை மறுபடி மவுசுக்குப் போனது. அவனுக்கு எதிரே யாரும் இல்லை என்பதை அவன் மறந்துவிட்டான். பெட்டி அவனை மறக்கவிட்டது.

பௌர்ணமி வரை இருந்தேன். கீழே ஹாரன் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பாண்டிச்செல்வி காலண்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பையை எடுத்தேன். "நானே கொண்டுவந்து விடுறேன்ப்பா" என்று மருது திரும்பாமலே சொன்னான். நான் படியில் இறங்கி பஸ் ஸ்டாப்பில் நின்றபோதும் அவன் வரவில்லை.

செல்லூர் கடையில் கண்ணுச்சாமி பத்திரிகை வேலையில் இருப்பான் என்று நினைத்தேன். மிஷினில் மலை தெரிந்தது, கணவாய் தெரிந்தது. மஞ்சள் நகர்ந்தது. அவனுக்கு உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"உங்க அண்ணன் உன் இடத்துல மிஷின வச்சுட்டான்டா."

அவன் கண்ணை எடுக்கவில்லை. "நான் போன மாசமே அவரு இடத்துல வச்சுட்டேன்ப்பா. பரவையத் திருப்பிப் பிடிச்சாச்சு, பாருங்க."

பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. கே.கே. நகரில் அதே ஊரைக் காலையில்தான் மஞ்சளாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

"அப்ப நான் எந்த வீட்டுல இருக்கணும்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லு" என்றேன்.

சிரித்தான். "உக்காருங்கப்பா. இந்த ஒரு தடவை."

பையோடு பின்பக்கம் வீட்டுக்குள் போனேன். செல்லக்கிளி அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைச் சுளிக்கவில்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கையை ஈரத்தோடு நிறுத்தி, பானையைப் பார்த்தாள்.

"வாங்க மாமா. இந்த வாட்டி எம்புட்டு நாளைக்கு?"

"தெரியல ஆத்தா" என்றேன். "ஒரு பிடி கூடப் போடு."